சத்தம் போடாத சிடி பிளேயர்

பாட்டுக் கேட்பதற்காகத்தான் சிடி பிளேயர் வாங்குகிறோம். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல், வீடு அடங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். சில பெட்டிகள் பாட்டோடு சேர்ந்து தாமும் பாடும். 'உஸ்ஸ்' என்று தட்டு சுற்றும் சத்தம், 'கிர்ர்' என்று உள்ளே ஏதோ நகரும் சத்தம், 'ம்ம்ம்' என்று மின்சார முனகல். பகலில் காதில் விழாத இதெல்லாம் இரவில் பெரிதாகக் கேட்கும்.

"இந்தக் காலத்தில் யார் சார் சிடி கேட்கிறார்கள்?" என்று இளையவர்கள் கேட்கலாம். கைப்பேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கிறதே என்பார்கள். எல்லாப் பாட்டும் கிடைப்பதில்லை. நம் உள்ளூர்க் கலைஞர்கள் சொந்தக் காசைப் போட்டு வெளியிட்ட பாடல்கள், கோயில் திருவிழாவில் விற்ற பக்திப் பாடல்கள், கல்யாணத்தில் பதிவு செய்து கொடுத்த நாதஸ்வரம் ஆகியவற்றில் பல இன்னமும் அலமாரியில் உள்ள சிடியில் மட்டும்தான் இருக்கின்றன. கைப்பேசித் திரையில் தேடி எடுக்க வராத பெரியவர்களுக்கு, தட்டைப் போட்டு ஒரு பட்டனை அமுக்குவதுதான் எளிது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். லயத்து வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். ஒரு வீட்டில் வானொலி வைத்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். காலையில் பெரட்டுக்குப் போகும் முன்னால் ஒரே பாட்டை லயமே கேட்கும். யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. இன்று தாமான் வீட்டில் கல்சுவர் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் ஜெலப்பாங் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குகிறவர், மறு பக்கம் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. சத்தம் இப்போது அளந்து வைக்க வேண்டிய பொருளாகிவிட்டது.

சென்ற ஆண்டு என் பெரியப்பாவுக்காக இப்படி ஒரு பெட்டி தேட வேண்டி வந்தது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு ஈப்போ புந்தோங்கில் குடியேறினார். பெரியம்மா ஒரு பக்கம் விழுந்து, கூடத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். இரவில் இரண்டு மூன்று தடவை கூப்பிடுவார். பெரியப்பா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பழைய பாட்டுக் கேட்டால்தான் அவருக்கு அந்த நேரம் நகரும்.

"ஹெட்ஃபோன் வாங்கித் தரட்டுமா?" என்றேன்.

"அதை மாட்டிக்கிட்டா அவ கூப்பிடுறது எனக்கு எப்படிக் கேக்கும், தம்பி?" என்றார். "பாட்டு சின்னதா ஓடினாப் போதும். மெஷின் சத்தம் பாட்டுக்கு மேல நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் கடை கடையாக ஏறினேன். வாசகர்களுக்கும் அதே அளவுகோல் உதவும்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஜப்பானில் 1982 அக்டோபரில் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்த நாள் முதல் சிடி வேலை செய்யும் விதம் மாறவில்லை. இசைத்தட்டு வெளி ஓரத்திலிருந்து உள்ளே போகும். சிடி அப்படியில்லை, நடுவிலிருந்து வெளியே படிக்கப்படுகிறது. முதல் பாட்டு ஓடும்போது தட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 தடவை சுற்றும். கடைசிப் பாட்டுக்கு வரும்போது அது 200 அளவுக்குக் குறையும். ஆகவே சுழலும் சத்தம் முதல் பாட்டில்தான் அதிகம். கணினியில் உள்ள டிரைவ் இதைப் போலப் பல மடங்கு வேகத்தில் சுற்றக் கூடியது. அதனால்தான் அது விமானம் ஏறுவது போல இரைகிறது.

இரண்டாவது, மின்மாற்றி, அதாவது டிரான்ஸ்ஃபார்மர். அது சரியாக இறுக்கப்படாமல் இருந்தால் பெட்டியே முனகும். மூன்றாவது, ஸ்பீக்கர் வழியாக வரும் இரைச்சல். இது பெரும்பாலும் பிளேயரின் குற்றமில்லை. ஆம்ப்ளிஃபயரில் தொலைக்காட்சிப் பெட்டியும் அதன் ஆன்டெனா கம்பியும் சேர்ந்திருந்தால், எர்த் வழியாக ஒரு முனகல் வரக்கூடும். ஆன்டெனா கம்பியை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் பிளேயரை மாற்றத் தேவையில்லை.

கடையில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சிடியை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். மெதுவாகத் தொடங்கும் இசையாக இருந்தால் நல்லது. நான் கொண்டு போனது இளையராஜாவின் 'திருவாசகம்', 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு அவர் வெளியிட்டது. குரலும் இசையும் தாழ்ந்து வரும் இடங்களில் பெட்டியின் சத்தம் மறைந்துகொள்ள முடியாது.

சோதனை மூன்றே படி. முதல் பாட்டைப் போட்டு 'பாஸ்' அமுக்குங்கள். பெரும்பாலான பிளேயர்களில் இசை நிற்கும், தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது கேட்பது சுழலும் சத்தம் மட்டுமே. பிறகு 'ஸ்டாப்' அமுக்குங்கள். தட்டு நின்ற பிறகும் கேட்கும் முனகல், டிரான்ஸ்ஃபார்மருடையது. மீண்டும் 'பாஸ்' போட்டு, ஆம்ப்ளிஃபயரின் ஒலியை மெல்ல ஏற்றி, ஸ்பீக்கரில் காது வையுங்கள். அங்கே வரும் இரைச்சல் மின்சுற்றிலிருந்து வருவது. கடையில் ஏர்கண்டிஷன் ஓடும், பக்கத்தில் தொலைக்காட்சி அலறும். பெட்டிக்கு அருகில் குனிந்துதான் கேட்க வேண்டும். வெட்கப்பட வேண்டாம், காசு நம்முடையது.

அடுத்தது விலை. மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி செலவில்லாதது. வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய டிவிடி பிளேயர். அதுவும் சிடி பாடும். பின்னால் உள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து ஒரு கம்பியை ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்தால் போதும். சில மாடல்கள் அமைதியானவை, சில இரையும். மேலே சொன்ன சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரே குறை, பல டிவிடி பிளேயர்களில் எத்தனையாவது பாட்டு என்று பார்க்கத் தொலைக்காட்சியைத் திறக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, பழைய சிடி பிளேயர். ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் மெமரி லேன் பழம்பொருள் சந்தையிலும் பழைய மின்சாதனக் கடைகளிலும் கண்ணில் படும். ஐந்து தட்டு மாற்றும் பெட்டியைவிட ஒற்றைத் தட்டுப் பெட்டியே மேல். உள்ளே நகரும் பாகங்கள் குறைவு, பழுதும் சத்தமும் குறைவு. என் கணக்குப்படி, சோதித்துப் பார்க்காத பழைய பெட்டிக்கு 300 ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை.

மூன்றாவது வழி, புதியது. யமஹா சிடி-எஸ்303, டெனன் டிசிடி-600என்இ, மராண்ட்ஸ் சிடி6007 போன்றவை நல்ல பெயர் எடுத்தவை. ஆனால் இப்படிப்பட்ட புதுப் பெட்டிக்கு ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 ரிங்கிட். வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வாங்கித் தர நினைத்தால், முதல் இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருள்கள் நம் ஊரில் நிறைய விற்கப்படுகின்றன. பார்க்க அழகாகவும் மலிவாகவும் இருக்கும். பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். '100 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் அதை நம் வீட்டுச் சுவரில் நேராகச் செருகக் கூடாது. நம் மின்சாரம் 230 வோல்ட். ஒரே நொடியில் கருகிவிடும், வீட்டுக்கும் ஆபத்து. மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டலாம். ஆனால் அதுவே முனகக் கூடும். அமைதியைத் தேடிப் போனவர் புதிதாக ஒரு சத்தத்தை விலைக்கு வாங்கியது போல ஆகும்.

பழைய பெட்டியில் இன்னும் மூன்றைக் கவனியுங்கள். தட்டு வைக்கும் இழுப்பறை தானாகத் திறந்து மூடுகிறதா? பல பெட்டிகளில் அதை இழுப்பது சின்ன ரப்பர் பெல்ட். வருஷம் ஆக ஆக அது தளர்ந்து வழுக்கும். பால்மரம் வெட்டிய கைகளுக்கு ரப்பரின் ஆயுளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெல்ட் மாற்றுவது சிறு செலவு. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். அடுத்து, நீளமான ஒரு சிடியின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். லேசர் தளர்ந்திருந்தால் வெளி ஓரத்தில் தாவும், திக்கும். லேசரை மாற்றும் செலவு பல சமயம் பெட்டியின் விலைக்கே வந்துவிடும். மூன்றாவது, ரிமோட் இருக்கிறதா? சில பெட்டிகளில் ரிமோட் இல்லாமல் பாதி வேலை நடக்காது.

பசார் மாலாமில் வாங்கிய எம்பி3 தட்டுகள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரே தட்டில் நூறு, நூற்றைம்பது பாட்டு இருந்தால் அது எம்பி3. பெட்டியின் முகப்பில் எம்பி3 என்று எழுதியிருந்தால்தான் பாடும். பழைய சிடி பிளேயர்கள் பல அதைப் படிக்காது. டிவிடி பிளேயர்கள் பெரும்பாலும் படித்துவிடும்.

வீட்டில் வைக்கும் இடமும் முக்கியம். உள்ளே காலியான மெல்லிய பலகை அலமாரியின் மேல் வைத்தால், அது மிருதங்கம் போல அதிர்வைப் பெரிதாக்கும். கனமான மேசையில் வையுங்கள். நான்கு காலுக்கும் கீழே சின்ன ரப்பர்த் துண்டு போடுங்கள். ஸ்பீக்கரின் மேல் வைக்காதீர்கள். சிடியின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அந்தப் பக்கம் பாரமாகித் தட்டு ஆடும். எந்த நல்ல பெட்டியும் அப்போது சத்தம் போடும்.

பெரியப்பாவுக்குக் கிடைத்தது 230 வோல்ட்டில் ஓடும் பழைய ஒற்றைத் தட்டுப் பிளேயர். 'பாஸ்' போட்டு இரண்டடி தள்ளி நின்றால் எதுவும் கேட்கவில்லை. 180 ரிங்கிட் கொடுத்தோம், பெல்ட் மாற்றத் தனியாகக் கொஞ்சம். வீட்டில் கட்டிலின் தலைமாட்டில் வைக்காமல் கால்மாட்டில் வைத்தோம்.

அவருடைய நாற்பது சிடிகளைத் துடைத்து அடுக்கும்போது, பெயர் எழுதாத ஒன்று கையில் வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்த கடைசித் திருவிழாவின் ஒலிப்பதிவு. உறுமி மேளம், பூசாரியின் குரல், கூட்டத்தில் யாரோ பிள்ளையைத் தேடிக் கூப்பிடுவது, எல்லாம் இருக்கிறது. அந்தக் கோயில் இருந்த இடத்தில் இன்று வேறு கட்டடம். உலகத்தில் அந்தப் பதிவுக்கு இருந்தது இந்த ஒரே பிரதி.

நான் சொல்ல வந்தவற்றில் முக்கியமானது இதுதான். கம்பெனியில் அச்சடித்த சிடியும், கணினியில் எழுதிய சிடியும் ஒன்றல்ல. எழுதிய சிடியில் ஒலி ஒரு சாயப் படலத்தில் பதிந்திருக்கிறது. வெயிலும் சூடும் பட்டால் அது மங்கும். எழுத்துப் பக்கத்தில் விழும் கீறல், பளபளக்கும் பக்கத்துக் கீறலைவிட மோசம், ஏனென்றால் ஒலியைத் தாங்கும் படலம் அந்தப் பக்கத்தில்தான் மிக அருகில் இருக்கிறது. துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள்.

அப்படி ஒற்றைப் பிரதியாக உள்ள சிடியை எந்தப் பிளேயரில் போடுவதற்கு முன்னாலும் நகல் எடுத்துவிடுங்கள். டிரைவ் உள்ள லேப்டாப் போதும். சுருக்காமல் முழுத் தரத்தில் எடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 600 மெகாபைட்தான். 64 ஜிகாபைட் பென்டிரைவில் நூறு சிடி வரை அடங்கும். இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் உள்ள பிள்ளையிடம் கொடுங்கள்.

இந்த வாரம் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, பெயர் எழுதாத சிடி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள். நகல் எடுத்து முடித்த பிறகு பிளேயர் தேடிக் கடைக்குப் போகலாம்.