இனாமா, சம்பளமா?

உல்லாசக் கப்பல்களில் நாம் பன்முறை பிரயாணம் செய்திருக்கிறோம். போஜனத்திலும் உபசாரத்திலும் குறை சொல்ல அதிகமில்லை. காப்பி ஒன்றுதான் எந்தக் கப்பலிலும் வாய்க்கவில்லை. நமது ஆக்ஷேபம் வேறு.

அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து புறப்படும் பெருங் கப்பல்களில் அநேகம் பஹாமாஸ் கொடியைப் பறக்கவிடுகின்றன. கம்பெனியின் காரியாலயம் அமெரிக்காவில். படுக்கை விரிப்பவரோ பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா தேசத்தவர். கடலில் கொடிக்குரிய தேசத்தின் சட்டமே சட்டமாதலால், அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவரை எட்டுவதில்லை. 2013-இல் அமுலுக்கு வந்த சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தமும் ஒரு நாளில் 14 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கிறது.

இந்நிலையில், பெரும்பாலான கம்பெனிகள் ஒவ்வொரு பிரயாணியின் கணக்கிலும் தினந்தோறும் ‘இனாம்’ என்று ஒரு தொகையைச் சேர்க்கின்றன. பெயர் இனாம், காரியத்தில் சம்பளம்! முதலாளி கொடுக்கவேண்டிய கூலியைப் பிரயாணியின் தயவுக்கு விட்டுவிடுவது எந்த நியாயம்? சென்ற பிரயாணத்தின் கடைசி இரவில், அத்தொகையை நீக்கச் சொல்லி ஒரு கூட்டமே வரிசையில் நிற்கக் கண்டோம். தங்கள் அறைச் சிப்பந்தியை அன்று காலைவரை வாயாரப் புகழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள்!

கம்பெனியார் அத்தொகையை டிக்கெட் விலையிலேயே சேர்த்து, சம்பளமாகவே கொடுக்கட்டும். நாம் முணுமுணுக்கமாட்டோம். இனாம் கொடுக்க மனமிருந்தால், அதை அவர் கையிலேயே கொடுத்துக்கொள்கிறோம்.