ஊழியப் பயணமும் பக்கத்து லைன் வீடும்

சபை வாலிபர்கள் பத்துப் பேர் சேர்ந்து பத்து நாள் வெளிநாட்டு ஊழியப் பயணம் போவது இன்று பெரிய அதிசயம் இல்லை. காணிக்கை சேர்க்கிறார்கள், ஜெபம் பண்ணி அனுப்பி வைக்கிறார்கள். குழுவுக்கு ஒரே மாதிரி டி-ஷர்ட் வேண்டுமென்றால் திருப்பூரில் அதற்கா பஞ்சம்? திரும்பி வந்ததும் சாட்சி சொல்கிறார்கள், படம் போட்டுக் காட்டுகிறார்கள். போனவர்களுக்கு அது மறக்க முடியாத அனுபவம்தான். சரி, அவர்கள் போய் வந்த ஊருக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1998இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டைப் புரட்டிப் போட்டது. வட அமெரிக்க சபைகளிலிருந்து குழு குழுவாகப் போய் வீடு கட்டிக் கொடுத்தார்கள். கர்ட் வெர் பீக் என்ற பேராசிரியர் சில வருடங்கள் கழித்து அதை ஆராய்ந்தார். பயணச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், வந்தவர்கள் கட்டிய ஒரு வீட்டுக்கு ஆன செலவு சுமார் 30,000 டாலர். அதே மாதிரி வீட்டை உள்ளூர் கிறிஸ்தவ அமைப்பு சுமார் 2,000 டாலரில் கட்டியது. குடியேறிய குடும்பங்களின் வாழ்க்கையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பணத்தை மட்டும் அனுப்பியிருந்தால் இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு கிடைத்திருக்கும்.

பணம் மட்டும் பிரச்சினை இல்லை. நேபாளத்தில் 2018இல் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதமாற்ற முயற்சிக்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். அந்தச் சட்டம் நியாயமா என்பது தனி விவாதம். ஆனால் சுற்றுலாவுக்கு வந்தது போல் வந்து, துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுப் பத்தாம் நாள் ஊர் திரும்புகிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. போலீஸ் வந்து விசாரிக்கும்போது அங்கே இருக்கப்போவது உள்ளூர்ச் சபைக்காரர்கள்.

அப்படியானால் வாலிபர்கள் கடல் தாண்டிப் போகவே கூடாதா? தமிழ்நாட்டு வரலாற்றிலேயே இதற்கு நல்ல பதில் இருக்கிறது. 1902இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அப்போது அவர் இளைஞர், ஒய்.எம்.சி.ஏ. ஊழியர். அங்கே அவர் பார்த்தது என்ன? யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே பணம் திரட்டி, கடலுக்கு இந்தப் பக்கம் தொண்டிக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்வதைத் திருநெல்வேலி ஏன் செய்யவில்லை என்ற கேள்வியோடு அசரியா ஊர் திரும்பினார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1909இல் அசரியா தாமே தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்குப் போனார். அந்த ஜனங்களின் மொழியைக் கற்றுக்கொண்டார். 1912இல் அங்கேயே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். 1945இல் இறக்கும் வரை அதுதான் அவருடைய களம். கடல் தாண்டிய பயணம் சில நாள், கற்றதைச் செய்து காட்டியது 36 வருடம். 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்ன அதே மூச்சில், எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான்.

அந்த அளவுகோலோடு திருப்பூருக்கு வருவோம். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் ஒரு நாளைக்கு ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு லைன் வீட்டில் போய்ப் படுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் வெளிச்சத்தில் ஊரைப் பார்க்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது என்று சொல்ல மொழி தெரியாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க யாரைப் பார்ப்பது என்று தெரியாது. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அதிகாரிகள் இந்தியில் விளக்கம் சொல்லியும் பயந்து மூட்டை கட்டியவர்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு நண்பன் இருந்து, அது பொய், நீ இரு என்று சொல்லியிருந்தால் அந்தப் பயம் பாதியாவது குறைந்திருக்கும்.

வேறு மொழி, வேறு பழக்கம், வேறு சாப்பாடு. வெளிநாடு போய்த் தேடுவது எல்லாம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. விமான டிக்கெட் வேண்டாம். கொஞ்சம் இந்தியும், ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரமும் போதும். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதற்குக் கூலியாக ஜெபக் கூட்டத்துக்கு வரச் சொன்னால் அது நட்பு இல்லை, வியாபாரம். ஊர் விட்டு வந்து மாட்டிக்கொண்டு நிற்பவரிடம் அந்த வியாபாரம் ரொம்பவும் அநியாயம்.

சாம்பிள் ஓகே ஆகாமல் பனியன் கம்பெனியில் ஆர்டர் ஓடாது. ஊழியப் பயணத்துக்கும் அதே விதியை வைக்கலாம். ஒரு வருடம் லைன் வீட்டு நண்பர்களோடு பழகியவர்களே குழுவில் சேரட்டும். அழைக்கிறவர்கள் உள்ளூர்ச் சபையாக இருக்கட்டும். என்ன வேலை என்பதையும் அவர்களே சொல்லட்டும். டிக்கெட் பணத்தை அவர்களிடமே கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று முதலில் கேட்கட்டும். அதற்குப் பிறகும் வாருங்கள் என்று அவர்கள் அழைத்தால், தாராளமாகப் போகலாம். கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று சபையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டே போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அசரியா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டு வந்ததும் ஒரு பாடத்தைத்தான்.