முதலில் தாதி, பிறகு கணினி

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளக் கரையை அடைந்த குடும்பங்கள் பல, காணி உறுதியோடு கிளினிக் அட்டையையும் இழந்தே வந்தன. பதிவொன்று தொலைந்தால் நேரும் அவதியை நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று அரச வைத்தியசாலைகளில் நோயாளர் பதிவுகள் படிப்படியாகக் கணினிக்கு மாறுகின்றன. அவற்றை நோயாளிக்குப் பயன்படும்படி அமைத்துப் பேணும் தாதியின் பணியே தாதியத் தகவலியல். அமெரிக்கத் தாதியர் சங்கம் 1992 இல் இதைத் தனித் துறையாக ஏற்றது.

இதற்குச் சில மாதக் கணினிச் சான்றிதழ் போதும் என எண்ணுவது தவறு. 0.5 மில்லிகிராம் மருந்து 5 எனப் பதியப்பட்டால், நோயாளர் விடுதியில் நின்று பழகிய தாதியின் கண்ணுக்கே அது உறுத்தும். புளோரன்ஸ் நைற்றிங்கேலும் முதலில் நோயாளரைப் பராமரித்தார். பின்னரே கிரிமியப் போர் மரணங்களைக் கணக்கிட்டுக் காட்டினார்.

எனவே வழி இதுதான்: சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும், உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு, அரச தாதியர் கல்லூரியில் 3 ஆண்டுகள், பின்பு விடுதியில் சில ஆண்டு அனுபவம். வேலை செய்தபடியே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியப் பட்டம் பெறலாம். கணினிப் பயிற்சியை இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஆக, இந்த வழி பதினாறு வயதிலேயே திறக்கிறது அல்லது அடைபடுகிறது. சாதாரண தரத்தோடு மகளின் படிப்பை நிறுத்தாதீர்கள். ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லையெனில், ஊராகக் கூடி வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். தமிழில் சொல்லப்படும் நோவைப் பிழையின்றிப் பதிய, தமிழறிந்த தாதியர் நமக்கு வேண்டும்.