எங்க ஊரிலா, உங்க ஊரிலா?

மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தது. திருவாமாத்தூர் வீட்டு மொட்டை மாடியில் நானும் மாமியாரும் பாய் விரித்துப் படுத்திருந்தோம். ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட் எரிகற்கள் நிறைய விழும். நான் அதைப் பார்க்கப் போனேன். அத்தை எனக்குத் துணைக்கு.

எட்டரை மணி இருக்கும். தலைக்கு மேலே கிளம்பிய ஒரு வெளிச்சம் மேற்கே ஓடியது. வெள்ளிக் கோளைவிடப் பல மடங்கு பிரகாசம், லேசான பச்சை. தண்ணீர் டேங்கின் நிழல் தரையில் நகர்ந்ததைப் பார்த்தேன். நாலைந்து விநாடிதான். தென்னை ஓலைக்குப் பின்னால் போய்விட்டது.

"ஐயோ, பம்பை ஆத்துலதாம்மா விழுந்துச்சு!"

அத்தையின் குரல் நடுங்கியது. நட்சத்திரம் விழுந்தால் உயிர் ஒன்று போகும் என்று கேட்டு வளர்ந்தவர். அவருடைய அண்ணன் அப்போது ஆஸ்பத்திரியில்.

அதற்குள் திண்டிவனத்திலிருந்து நாத்தனார் போன். "அண்ணி, எங்க ஏரிக்குப் பின்னாடி தீயா ஏதோ விழுந்துச்சு!"

இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒரே கல் இரண்டு இடத்தில் எப்படி விழும்? கையை நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. எங்களுக்கு அது மறைந்தது அடிவானத்துக்கு மூன்று முஷ்டி மேலே. இந்தக் கற்கள் பெரும்பாலும் 80 கிலோமீட்டர் உயரத்துக்குள் எரிந்து முடிந்துவிடும். கணக்குப் போட்டால் 140 கிலோமீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட சேலத்துக்கு மேலே! அவ்வளவு வெளிச்சத்துக்கும் எலுமிச்சம்பழ அளவு கல் போதும். 1983-இல் கண்டுபிடித்த ஃபேத்தான் என்ற சிறுகோள் உதிர்த்தது.

"வாணியம்பாடிப் பக்கம் ஒருத்தர் செத்தாரே?" அத்தை விடவில்லை.

2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரியில் ஓட்டுநர் இறந்ததைச் சொல்கிறார். விண்கல் என்றுதான் செய்தி பரவியது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, தரையில் நடந்த வெடிப்பு போலத் தெரிகிறது என்றார்கள். அதையும் சொன்னேன்.

"அப்ப அது எங்க அண்ணனைத் தேடி வரலையே?"

"சேலத்துக்கு மேலேயே அணைஞ்சுடுச்சு அத்தை."

தலையாட்டினார். ஆனாலும் விடிய விடியத் தூங்கவில்லை. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். மாமா காபி கேட்கிறாராம்.