நம் வீட்டு உப்பு யாத்திரை

கோடை விடுமுறை என்பது பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் ஓய்வெடுத்துக் கொள்வதற்காக ஏற்பட்டது என்று உலகத்தில் ஓர் அபிப்பிராயம் இருந்து வருகிறது. இந்த அபிப்பிராயத்தைப் பரப்பியவர்கள் நிச்சயமாக உபாத்தியாயர்களாக இருக்க முடியாது. மே மாதம் பிறந்ததும் டில்லியிலிருந்து தமக்கை குடும்பத்தோடு வந்து இறங்குகிறாள். இரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து மைத்துனி வருகிறாள். வீட்டில் இரண்டாக இருந்த குழந்தைகள் ஏழாகப் பெருகிவிடுகிறார்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தாலும் மணி அடிக்கும் வரையில் சமாளித்தால் போதும். வீட்டிலோ மணி அடிப்பதே கிடையாது.

இந்த வருஷம் ஏழு பேரும் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் வீட்டில் ஓர் அசாதாரணமான நிசப்தம் நிலவிற்று. போய்ப் பார்த்தால், கூடத்து மூலையில் ஒரு கைபேசியைச் சுற்றி நால்வர். மற்றொன்றைச் சுற்றி மூவர். கொல்லையில் மாமரம் காய்த்துக் குலுங்குகிறது. அதை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. நமக்கு மிகுந்த மனக்கிலேசம் உண்டாயிற்று. அன்றிரவு சாப்பாட்டின்போது, "நாளை மறுநாள் நாமெல்லோரும் உப்பு யாத்திரை போகப் போகிறோம்" என்று பிரகடனம் செய்தோம்.

நாம் வசிப்பது மன்னார்குடி. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து, ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் புறப்பட்டார்கள். தஞ்சை, கும்பகோணம் சென்று, நம் ஊர் வழியாகத்தான் அவர்கள் திருத்துறைப்பூண்டிக்குப் போனார்கள். சுமார் 150 மைல் நடந்து, ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அதே மாதம் 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்து, ராஜாஜி கைதானார். தொண்டர்களுக்கு உணவோ, தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அந்நாளைய தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் துரை எச்சரிக்கை விடுத்திருந்தார். ஜனங்களோ, சோற்றுப் பொட்டலங்களை வழியிலுள்ள மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். மரம் சோறு போட்டால் மரத்தையா சிறையில் அடைக்க முடியும்?

இவ்வளவையும் கேட்ட டில்லி மருமான், வயது ஒன்பது, ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "அகஸ்தியம்பள்ளிக்குத்தான் ரயில் போகிறதாமே, மாமா! ஏன் நடக்க வேண்டும்?"

2023-ஆம் ஆண்டில் அந்தப் பாதையில் மீண்டும் ரயில் விட்டது வாஸ்தவந்தான். ஆனால், திருச்சியிலிருந்து தஞ்சைக்கு ராஜாஜி காலத்திலும் ரயில் இருந்தது. ரயில் கிடைக்காததால் அவர் நடக்கவில்லை என்று விளக்கினோம். அப்போது நம் தமக்கை குறுக்கிட்டாள். "தம்பி, கத்திரி வெயிலில் குழந்தைகளைக் கொண்டுபோய்ப் பொரித்தெடுக்கப் போகிறாயா?" என்றாள்.

"ராஜாஜி 51 வயதில் 150 மைல் நடந்தார். உன் பிள்ளை 9 வயதில் மூன்று மைல் நடக்க மாட்டானா, அக்கா?" என்று கேட்டோம். பட்டிமன்றத்தில் கைதட்டல் கிடைக்கக்கூடிய பதில்தான். ஆனால், மைத்துனியின் மூத்த பெண் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்குப் பத்து மைல்தானே ஆகிறது, சித்தப்பா? காலையில் ஐந்தும் மாலையில் ஐந்துமாக நடந்தால் வெயிலே தெரியாதே!" என்றாள். அந்தப் பேச்சை நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உபாத்தியாயர்கள் காதில் போட்டுக்கொள்ளாத சரியான விடைகள் எத்தனையோ!

முன்னாள் இரவே ஒரு வேனில் வேதாரண்யம் போய்த் தங்கினோம். காலை ஐந்து மணிக்குப் புறப்படுவதென்று தீர்மானம். பதினொரு பேர் கொண்ட தமிழ்க் குடும்பம் ஒன்று ஐந்து மணிக்குப் புறப்பட்டதாகச் சரித்திரமில்லை. ஒருவருக்குக் காப்பி வரவில்லை. ஒருத்திக்குச் செருப்பின் வார் அறுந்துவிட்டது. அத்தானுடைய மூக்குக் கண்ணாடி அவர் நெற்றியிலேயே கண்டெடுக்கப்பட்டது. கோயில் வாசலிலிருந்து நடக்கத் தொடங்கியபோது மணி ஏழரை.

நடை சுகமாகவே இருந்தது. குழந்தைகள் கொடி பிடித்துக்கொண்டு கோஷம் போட்டுக்கொண்டு வந்தார்கள். அகஸ்தியம்பள்ளியில் நினைவு ஸ்தூபியின் முன் எல்லோரும் நின்று வணங்கினோம். அத்துடன் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இராது. "உப்பு விளைவதையும் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று உப்பளங்களுக்குள் அழைத்துச் சென்றது நாமேதான்.

உப்பளத்தைப் போல் அழகான இடமும் இல்லை. இரக்கமற்ற இடமும் இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் கண்ணாடி பதித்தாற்போல் பாத்திகள். உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் சுண்டச் செய்கிறார்கள். பிறகு அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றி, நீர் நன்றாகச் செறிந்த பின் கடைசிப் பாத்தியில் விட்டால் அங்கே உப்புப் பூக்கிறது. அதைப் பலகையால் வரப்போரமாக வாரிக் குவிக்கிறார்கள். குழந்தைகள் பூரித்துப் போனார்கள். வரப்புக்கு வரப்பு தாவினார்கள்; உப்பை நக்கிப் பார்த்தார்கள்; கையில் கொண்டு வந்த நான்கு புட்டித் தண்ணீரில் இரண்டைக் கால் கழுவியே தீர்த்தார்கள். நாம் தடுக்கவில்லை. கொஞ்சம் தாகத்தைப் பொறுத்துக் கொள்வது தேசபக்திக்கு நல்லது என்பது நம் எண்ணம்.

மணி பத்து இருக்கும். மேலே சூரியன் காய்கிறான். கீழே வெள்ளை உப்பு அந்த வெயிலைத் திருப்பி முகத்தில் அறைகிறது. ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடையாது. உப்பளத்தில் மரம் வளராது. டில்லி மருமான் திடீரென்று வரப்பில் உட்கார்ந்தான். சிவந்திருந்த முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. "தலை சுற்றுகிறது, மாமா" என்றான், வாந்தி எடுத்தான், அப்படியே நம் மடியில் சாய்ந்தான். தமக்கை ஒரு வார்த்தை பேசவில்லை. நம்மை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருஷமாகப் பிள்ளைகளை விழிக்க வைத்த நாம், அந்தப் பார்வைக்கு முன் விழித்துக்கொண்டு நின்றோம்.

சற்று தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தொலைவில் இருந்த ஒரு கீற்றுக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். தலைத் துண்டைத் தண்ணீரில் நனைத்து முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ஒற்றினாள். பிறகு தன்னுடைய தூக்குவாளியிலிருந்து நீராகாரத்தை எடுத்து, அதில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, வாய் வாயாகப் புகட்டினாள்.

"மெதுவாக் குடி, கண்ணு. வேர்வையோட உடம்பு உப்பும் போயிடுச்சு. உப்புப் போட்டாத்தான் தெம்பு வரும்" என்றாள். பையன் கண் விழித்துச் சுற்றிலும் பார்த்த பிறகு, நம் பக்கம் திரும்பினாள். "நாங்கல்லாம் விடியறதுக்கு முன்னாடியே வந்துடுவோம், ஐயா. வெயில் ஏறுறதுக்குள்ளே பாதி வேலையை முடிச்சுடணும். நீங்க படிச்சவங்க! இந்த நேரத்துலயா பச்சப் புள்ளைய அழைச்சுக்கிட்டு வர்றது?"

நம் உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ இன்ஸ்பெக்டர்கள் குற்றம் கண்டுபிடித்திருக்கிறார்கள். இவ்வளவு நியாயமான குற்றச்சாட்டை ஒருவரும் கூறியதில்லை. அத்தான் பர்ஸைத் திறந்தபோது, "புள்ளைக்குக் கஞ்சித்தண்ணி குடுத்ததுக்குக் காசா?" என்று கேட்டுவிட்டு அவள் மீண்டும் பாத்தியில் இறங்கினாள். நாள் முழுதும் உவர்நீரில் நின்று வெடித்துப்போயிருந்த அவள் பாதங்களை அப்போதுதான் குழந்தைகள் கவனித்தார்கள். அவர்களுக்கு முன்பே நாம் கவனித்திருக்க வேண்டும்.

பையனை நேரே வைத்தியரிடம் கொண்டு போனோம். பயமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. திரும்பும் வழியில் வேனின் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது: "அப்படியானால், மாமா, இந்த மாதிரி வேலை செய்கிறவர்கள்தான் உப்பு நிறையச் சாப்பிட வேண்டும், இல்லையா? வெள்ளைக்காரர்கள் இவர்களிடமுமா வரி வாங்கினார்கள்?"

நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். 1930-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி காந்தி மகாத்மா வைசிராய் இர்வின் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், ஏழைகளின் நிலையிலிருந்து பார்த்தால் எல்லா வரிகளிலும் அநியாயமானது உப்பு வரியே என்று எடுத்துக்காட்டினார். பங்களாவில் விசிறியின் கீழே இருப்பவனைவிட வெயிலில் உழைப்பவனுக்கே உப்பு அதிகம் தேவை. எனவே, எவன் அதிகமாக வேர்வை சிந்துகிறானோ அவன் தலையிலேயே அந்த வரியின் பாரம் அதிகம் விழுந்தது. கடலோரத்தில் தானாகப் பூத்த உப்பை அள்ளுவதும் குற்றமாக இருந்தது. 1947-ல்தான் அந்த வரி ஒழிந்தது. இதையெல்லாம் வருஷாவருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறோம்; தேதிகளை ஒப்புவிக்கச் செய்து மார்க்கும் போட்டிருக்கிறோம். ஒரு சிட்டிகை உப்புக்காக ஏன் மனிதர்கள் சிறை சென்றார்கள் என்பது, ஒரு குழந்தை உப்பில்லாமல் சாய்ந்ததையும் உப்பால் எழுந்ததையும் கண்ட பிறகே நமக்கு விளங்கிற்று.

வெளியே அழைத்துச் சென்றதைப் பற்றி நாம் வருந்தவில்லை. அழைத்துச் சென்ற விதத்தைப் பற்றித்தான் வருந்துகிறோம். துணிச்சல் வேறு, அசட்டுத்தனம் வேறு. நேயர்கள் குழந்தைகளுடன் கோடையில் புறப்படுவதானால், விடியுமுன் கிளம்பி ஒன்பது மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிடுங்கள். ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியே தண்ணீர் இருக்கட்டும். மோரில் உப்பிட்டு எடுத்துப் போங்கள். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொண்டாலும் நல்லது. தலை சுற்றினால் நிழலில் கிடத்தி, உடம்பை ஈரத்துணியால் குளிர்வியுங்கள். பிதற்றலோ மயக்கமோ கண்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல், உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மறுநாள் மாலை கோடிக்கரையில் குழந்தைகள் இரண்டு லிட்டர் கடல்நீர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு என்று நாம் சொன்னதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். வீட்டு மொட்டை மாடியில் தாம்பாளங்களில் ஊற்றி வைத்து, காக்கைகள் வராமல் முறைபோட்டுக் காவல் காத்தார்கள். கைபேசிகள் கூடத்தில் தனியாகக் கிடந்தன. சில நாளில் தாம்பாளத்தில் வெள்ளை பூத்தது. வாயில் போட்டுப் பார்த்த கடைக்குட்டி, "கசக்கிறது!" என்று துப்பினாள். நீர் முழுவதும் வற்றும்படி விட்டால் உப்போடு கசப்பான மக்னீசிய உப்புகளும் தங்கிவிடும். அதனால்தான் உப்பளத்தில் கடைசி நீரை வடித்துவிடுகிறார்கள். இந்த விளக்கத்தைக் கேட்க ஏழு பேரும் தாமாகவே வந்து உட்கார்ந்தார்கள்.

ரயிலேறும்போது, மருமான் அந்தக் கசப்பு உப்பை ஒரு தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தான். "அடுத்த வருஷம் எங்கே கொண்டு போவதாக உத்தேசம், தம்பி?" என்று தமக்கை கேட்டாள். நாம் பதில் சொல்வதற்குள் அவன் முந்திக்கொண்டான்:

"அந்த அம்மாவைப் பார்க்கத்தான், அம்மா. ஆனால் மாமாவை நம்பக் கூடாது. நாலு மணிக்கு நான் எழுப்பிவிடுகிறேன்!"