கம்மி விலையில ஒரு பிஸ்டல் சொல்லுங்கண்ணா

போன ஞாயித்துக்கிழமை பாரூர் ஏரிக்கரையில உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெரு தம்பி வந்தான். ஓசூர்ல ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில வேலை. நகைக்கடன் ஆபீஸ் வாசல்ல பன்னண்டு மணி நேரம் நிக்கணும், மாசம் பதினாலாயிரம். சுத்தி வளைக்காம கேட்டான்.

"அண்ணா, கம்மி விலையில நல்ல பிஸ்டலா ஒண்ணு சொல்லுங்கண்ணா. இடுப்புல வச்சுக்கிற மாதிரி."

துப்பாக்கி பத்தி நாலு புத்தகம் படிச்சவன்னு ஊர்ல எனக்கு ஒரு பேரு உண்டு. (அந்தப் பேரால இதுவரைக்கும் நயா பைசா பிரயோஜனம் இல்ல.) என்னடா விஷயம்னு கேட்டா, சூப்பர்வைசர் சொன்னாராம்: "சொந்தமா லைசென்ஸும் துப்பாக்கியும் வச்சிருந்தா உன்னை கன்மேன் ஆக்கி பணம் கொண்டுபோற வண்டியில போடறேன், மாசம் ஆறாயிரம் சேர்த்துத் தர்றேன்." அதுக்கு அம்மாவோட செயினை அடகு வைக்கப் போறானாம். எங்கேன்னு கேட்டேன். அவன் காவல் நிக்கிற மாதிரியே ஒரு நகைக்கடன் கடையில!

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்தக் கோபத்துலதான் இதை எழுதறேன்.

முதல்ல கேட்ட கேள்விக்கு பதில். நம்ம நாட்டுல சாதாரண ஆளுக்கு "எந்த பிஸ்டல்"னு தேடிப் பார்க்க பெரிய சந்தையே கிடையாது. 9 எம்.எம். தடை செய்யப்பட்ட ரகம், போலீசுக்கும் ராணுவத்துக்கும்தான். சினிமாவுல ஹீரோ வச்சிருக்கிற க்ளாக் எல்லாம் கனவுதான். ஷூட்டிங் வீரர்களைத் தவிர மத்தவங்க வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி பண்றது 1980கள்லயே நின்னுபோச்சு. அப்போ வந்ததுதான் கைமாறிக் கைமாறி யானை விலைக்குப் போகுது. மிச்சம் இருக்கறது பாயிண்ட் 32. கான்பூர் அரசு தொழிற்சாலையில செய்யற ஆறு குண்டு ரிவால்வர், அதே அரசுத் தயாரிப்புல அஷானின்னு ஒரு பிஸ்டல். ரெண்டுக்கும் பேருதான் பாயிண்ட் 32, தோட்டா வேற வேற. ஒண்ணுல போடறது இன்னொண்ணுல போகாது. 2014ல நிர்பீக்னு பெண்களுக்காகன்னு சொல்லி ஒரு ரிவால்வர் விட்டாங்க. அரைக் கிலோ எடை, விலை 1,22,360 ரூபாய். இது பத்து வருஷத்துக்கு முந்தின கணக்கு. 2021 அக்டோபர்ல பழைய ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைச்சு ஏழு கம்பெனி ஆக்கினப்புறம் கான்பூர் கம்பெனி 2023ல பிரபல்னு ஒண்ணு கொண்டு வந்தது. தனியார்ல வெப்லி அண்ட் ஸ்காட் உ.பி. ஹர்தோய்ல செய்யறாங்க, அதுவும் லட்சத்துக்கு மேல. அவ்வளவுதான் கடை. "கம்மி விலை"ன்னு ஒரு அலமாரியே இங்க இல்ல.

இன்னொண்ணு, கன்மேன் வேலையில இடுப்புத் துப்பாக்கியை நீங்க எங்கே பார்த்தீங்க? பேங்க் வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் கையில இருக்கறது பன்னண்டு போர் ரெட்டைக்குழல். பெருசா கண்ணுக்குத் தெரியணும், அதைப் பார்த்தே பயப்படணும், அதுதான் அதோட வேலை. இடுப்புல சட்டைக்குள்ள இருக்கற ரிவால்வரைப் பார்த்து எந்தத் திருடனும் பயப்பட மாட்டான், ஏன்னா அவனுக்கு அது தெரியவே தெரியாது.

சரி, லைசென்ஸ் கதைக்கு வருவோம். 1959ம் வருஷ ஆயுதச் சட்டம், 2016ம் வருஷ விதிகள். கிருஷ்ணகிரி மாவட்டத்துல கலெக்டர்கிட்ட மனு. போலீஸ் விசாரணை அறிக்கை வரணும். துப்பாக்கியைப் பத்திரமா கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழ் வேணும். உயிருக்கு என்ன ஆபத்துன்னு காரணம் சொல்லணும். அப்படிக் குடுக்கற தற்காப்பு லைசென்ஸ் உன் உயிரைக் காப்பாத்திக்க. அடுத்தவன் பணப்பெட்டிக்கு அதை வாடகைக்கு விட இல்ல. கம்பெனிக்குத் துப்பாக்கி வேணும்னா கம்பெனி மனு போடணும், கம்பெனி வாங்கணும், அதைத் தூக்கற காவலாளி பேரை ரிட்டெய்னர்னு லைசென்ஸ்ல சேர்க்கணும். அந்த வழி சட்டத்துல இருக்கு. சூப்பர்வைசருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனா அதுல செலவும் பொறுப்பும் கம்பெனி தலையில விழும். தம்பி தலையில வச்சா ஆறாயிரத்தோட முடிஞ்சுது.

அந்த ஆறாயிரத்தைக் கணக்கு போடுங்க. துப்பாக்கி ஒண்ணே கால் லட்சம்னு வச்சா, வட்டி இல்லாமலே இருபத்தோரு மாசம் கூலி துப்பாக்கிக்கே போச்சு. தோட்டா தனி. சுட்டுப் பழக வேண்டாமா? வருஷத்துக்கு ஒரு தடவை கூட சுடாதவன் நெஞ்சு படபடக்கறப்ப சுட்டா குண்டு எங்க போகும்? நகை வைக்க வந்த பாட்டி மேல போகும். தேர்தல் வந்தா போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்க. பேங்க் காவலுக்குன்னு முறையா உரிமம் வாங்கியிருந்தா விலக்கு கேட்கலாம். தற்காப்புன்னு எழுதி வாங்கினவன் என்ன சொல்லிக் கேட்பான்?

அப்புறம் நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல். பணம் கொண்டுபோற வண்டி ஓசூரோட நிக்காது. ஜூஜூவாடி தாண்டினா அத்திப்பள்ளி, அப்புறம் எலக்ட்ரானிக் சிட்டி. நமக்கெல்லாம் அது டீ குடிக்கப் போற தூரம். ஆனா லைசென்ஸ்ல "தமிழ்நாடு"ன்னு எல்லை எழுதியிருந்தா, செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் கன்மேன், அந்தப் பக்கம் ஆயுதச் சட்டத்துல குற்றவாளி. டிரைவர் "ஒரு லோடு பொம்மசந்திரா போயிட்டு வந்துடலாம் ஏறு"ன்னு சொன்னா, இவன் இறங்கி நின்னு எல்லைக்கோடு பேசுவானா?

"துப்பாக்கி இல்லாம எப்படிண்ணா, 2021 மறந்துட்டீங்களா"ன்னு தம்பி கேட்டான். மறக்கல. ஓசூர்க்காரன் எவனும் மறக்க மாட்டான். 2021 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை காலையில பாகலூர் ரோடு முத்தூட் ஃபைனான்ஸ் கிளைக்குள்ள முகமூடி போட்ட கும்பல் நுழைஞ்சு, துப்பாக்கி முனையில ஆளுங்களை மடக்கி, 25 கிலோ தங்கத்தை அள்ளிக்கிட்டுப் போச்சு. கிட்டத்தட்ட ஏழு கோடி. மறுநாளே ஹைதராபாத் பக்கம் பிடிச்சாங்க. பிடிச்சுக் குடுத்தது எது? நகைப்பையில இருந்த ஜி.பி.எஸ். கருவியும், ரெண்டு மூணு மாநில போலீஸ் ஒருத்தருக்கொருத்தர் போன்ல பேசிக்கிட்டதும். அன்னைக்கு உள்ளே ஒரு காவலாளி இடுப்புல ஆறு குண்டு ரிவால்வர் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிங்க. துப்பாக்கியை நீட்டிக்கிட்டு நிக்கிற ஒரு கும்பல், நடுவுல ஆபீஸ் ஆளுங்க. தங்கம் திரும்பி வந்தது. செத்தவன் திரும்பி வந்திருப்பானா?

2025 நவம்பர் 19ல பெங்களூர்ல 7 கோடியே 11 லட்சம் போச்சே, பார்த்தீங்களா? பட்டப்பகல்ல. ரிசர்வ் பேங்க் ஆபீசர்னு சொல்லிக் காரை மறிச்சு வந்தாங்க. வண்டியில துப்பாக்கிக் காவலர்கள் இருந்தாங்க. ஒரு குண்டு வெடிக்கல. பின்னாடி பிடிபட்டவங்கள்ல ஒரு போலீஸ்காரரும், அந்த வண்டிக் கம்பெனியில முன்னாடி வேலை பார்த்தவரும் இருந்தாங்க. உள்ள இருக்கறவனே வழி சொல்லிக் குடுத்தா, கன்மேன் பீரங்கியே வச்சிருந்தாலும் என்ன பண்ணுவான்? இதுல இன்னொரு கூத்து. 2018ல உள்துறை அமைச்சகம் போட்ட விதிப்படி ஒரு வண்டியில ஒரு தடவைக்கு அஞ்சு கோடிக்கு மேல கொண்டுபோகக் கூடாது. ஏழு கோடி எப்படி ஏறிச்சுன்னு யாரும் காவலாளியைக் கேட்க முடியாது, ஏத்தச் சொன்னவன் வேற.

நியாயமா எதிர்ப்பக்கமும் சொல்லணும். அதே வருஷம் ஜனவரி 16ல பீதர்ல, ஏ.டி.எம். பணம் ஏத்தற வண்டி ஆளுங்களை பைக்ல வந்த ரெண்டு பேர் சுட்டாங்க. ஒருத்தர் செத்துப்போனார், இன்னொருத்தருக்குப் படுகாயம். அவங்க கையில ஆயுதம் இல்ல. இதைப் படிச்சப்ப எனக்கும் வயித்தைப் பிசைஞ்சுது. துப்பாக்கியே வேண்டாம்னு நான் சொல்லல. மேலே சொன்ன அதே 2018 விதி, வண்டிக்கு ரெண்டு ஆயுதக் காவலர் வேணும்னு சொல்லுது. யார் போடணும்? பணம் கொண்டுபோறதை வியாபாரமா செய்யற ஏஜென்சி போடணும். துப்பாக்கியும் பயிற்சியும் இன்ஷூரன்சும் அவங்க செலவு. லாரி டிரைவர் வேலைக்கு வர்றவனை "லாரியை நீயே வாங்கிட்டு வா"ன்னா சிரிக்க மாட்டோமா?

பயிற்சின்னதும் ஞாபகம் வருது. 2005ம் வருஷத் தனியார் பாதுகாப்பு ஏஜென்சி சட்டத்துக்கு மத்திய அரசு போட்ட மாதிரி விதியில, புதுக் காவலாளிக்கு வகுப்புல 100 மணி நேரம், களத்துல 60 மணி நேரம் பயிற்சின்னு இருக்கு. தம்பிகிட்ட கேட்டேன், உனக்கு எத்தனை மணி நேரம்டான்னு. யூனிஃபார்ம் அளவு எடுத்த பத்து நிமிஷம்தானாம் :-)

தம்பி நிஜமாவே சுட்டுட்டான்னு வைங்க. 2024 ஜூலைக்கு அப்புறம் ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு, தற்காப்பு உரிமை அதுலயும் இருக்கு, கொள்ளையைத் தடுக்கச் சுட்டா பாதுகாப்பு உண்டு. ஆனா அந்த உரிமையை கோர்ட்டுல நின்னு நிரூபிக்கணும். லைசென்ஸ் யார் பேர்ல? தம்பி பேர்ல. "தற்காப்புக்கு வாங்கின துப்பாக்கி உனக்கு எப்படி அந்த வண்டியில வந்துச்சு"ன்னு முதல் கேள்வியே வரும். அப்போ சூப்பர்வைசர் போன் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும். அந்த ஆளை எனக்குத் தெரியாது, ஆனா அந்த ரகத்தை இருபது வருஷமா சிப்காட்ல பார்த்துக்கிட்டு இருக்கேன்.

கடைசியா ஒண்ணு கேட்டான், குரலைத் தாழ்த்தி. "வேற வழியில கம்மியா கிடைக்கும்னு ஒருத்தன் சொல்றான்ணா." அந்த ஒரு நிமிஷம் அவனை அடிக்கணும் போல இருந்துச்சு. அஞ்செட்டி, தளி மலைப்பக்கம் பன்னிக்கும் யானைக்கும் பயந்து நாட்டுத் துப்பாக்கி வச்சிருக்கிற விவசாயிங்களையே, கொண்டுவந்து ஒப்படைங்கன்னு போலீஸ் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருக்கு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் இல்லாத சாதா துப்பாக்கிக்கே குறைஞ்சது ரெண்டு வருஷம், அஞ்சு வரைக்கும் போகலாம். அது 9 எம்.எம்.மா இருந்தா ஏழுல ஆரம்பிச்சு பதினாலு. செக்யூரிட்டி சட்டை போட்டுக்கிட்டு ஜெயிலுக்குப் போறதுக்கு அம்மா செயின் எதுக்கு?

அவன்கிட்ட ஒரு காகிதம் எழுதிக் குடுத்திருக்கேன். மூணே கேள்வி: கம்பெனி பேர்ல ஆயுத உரிமம் இருக்கா, அதுல என்னை ரிட்டெய்னரா சேர்ப்பீங்களா, எனக்கு ஏதாவது ஆனா வீட்டுக்கு எவ்வளவு குடுப்பீங்க. சூப்பர்வைசர்கிட்ட குடுத்து பதிலை எழுத்துல வாங்கிட்டு வான்னு சொன்னேன். "வேலை போயிடுமேண்ணா"ங்கறான். போகலாம். கெலமங்கலம் ரோட்டுல ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ்க்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன், வியாழக்கிழமை லீவு போட்டு அவனைக் கூட்டிக்கிட்டுப் போறேன். செயின் இன்னும் அம்மா கழுத்துலதான் இருக்கு, காலையில பால் வாங்க வந்தப்ப பார்த்தேன்.