பிடித்தம் இருக்கிறது, விளக்கம் எங்கே?

கலிஃபோர்னியாவில் சம்பளம் வாங்குவோருக்கு ஜனவரி முடிவதற்குள் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பள, வரிப் படிவம் வந்துவிடும். அதன் 14ஆம் பெட்டியில் பெரும்பாலும் ‘சிஏஎஸ்டிஐ’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு தொகை இருக்கும். ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வாங்கும் மென்பொருள் ஊழியருக்கு 2025இல் அது 2,400 டாலர். 2023இல் அதே சம்பளத்துக்கு 1,378 டாலர்தான் பிடித்தார்கள். ஏன் கூடியது, எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை.

இது மாநில இயலாமைக் காப்பீட்டுக்கான சந்தா. வேலையோடு தொடர்பில்லாத நோயோ விபத்தோ பிரசவமோ நம்மை வீட்டில் உட்கார வைத்தால், சம்பளத்தில் 70 முதல் 90 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு தரும். வழக்கமான பிரசவத்துக்கு முன் நான்கு வாரம், பின் ஆறு வாரம். சிசேரியன் என்றால் எட்டு. சந்தா முழுக்க ஊழியருடைய பணம். குடியுரிமை கேட்பதில்லை, எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் உரிமை உண்டு. ஆனால் இயலாமை தொடங்கிய 49 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் ஐம்பதாவது நாளில் விழித்துக்கொள்பவர், தக்க காரணம் காட்டாவிட்டால், தன் பணத்தையே இழக்க நேரிடும்.

பிடித்தம் கூடியதை நாம் குறை சொல்லவில்லை. 2023 வரை 1,53,164 டாலருக்கு மேற்பட்ட சம்பளத்தில் பிடித்தமே கிடையாது. 2024 முதல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். குறைந்த கூலிக்காரருக்கு 2025 முதல் 90 சதவீதம் கிடைப்பது அதனால்தான். சந்தாவுக்கு வரம்பில்லை, உதவித்தொகைக்கு மட்டும் வரம்பா (2025இல் வாரம் 1,681 டாலர்) என்று அதிகச் சம்பளக்காரர்கள் முணுமுணுப்பது புரிகிறது. ஆனால் சந்தாவைத் தொடத் தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் இருக்கிறது. அங்கே ஊழியரிடம் வாரம் 60 சென்ட்டுக்கு மேல் பிடிப்பதில்லை. உதவித்தொகையின் உச்சமும் 1989இல் வைத்த 170 டாலரிலேயே 35 ஆண்டுக்கு மேல் நகராமல் கிடந்தது. அந்த ஊர் வாடகைக்கு அது எந்த மூலைக்கு?

நம் ஆட்சேபம் மௌனத்தின் மீதுதான். 14ஆம் பெட்டியில் எப்படி எழுத வேண்டும் என்பதற்குக் கூட்டாட்சி அளவில் கறாரான விதி கிடையாது. அரசுத் திட்டத்துக்குப் பதில் நிறுவனத்தின் தனித்திட்டத்தில் இருப்பவருக்கு ‘விபிடிஐ’ என்று வரும். வித்தியாசம் சில்லறை அல்ல: விலக்குகளைத் தனித்தனியாகக் கணக்குக் காட்டுபவர் அரசுத் திட்டச் சந்தாவை மாநில வருமான வரியோடு சேர்த்துக் காட்டலாம், தனித்திட்டச் சந்தாவை அப்படிக் காட்ட முடியாது.

வேலையில் சேரும்போதே கைப்பிரசுரம் தருகிறோமே என்பார்கள். சட்டப்படி தரத்தான் வேண்டும். கையெழுத்துக் கட்டோடு கட்டாக முதல் நாள் வருவதை யார் படிக்கிறார்கள்?

சேக்ரமென்டோவிலுள்ள மாநில அரசு செய்ய வேண்டியது எளிது. டபிள்யூ-2 கூட்டாட்சிப் படிவம், அதை மாநிலம் திருத்த முடியாது. கூடவே ஒரு சீட்டை இணைக்கச் சொல்லலாம். பிடித்த விகிதம், திட்டத்தை நடத்துவது அரசா நிறுவனமா, 49 நாள் கெடு, விண்ணப்பிக்கும் இடம் ஆகியவை அதில் இருக்கட்டும். சம்பளம் போடும் மென்பொருளுக்கு இது ஒரு நாள் வேலை. அடுத்த ஜனவரிக்குள் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.